இருக்கையை எண்ணும்போது அடியறையையும் எண்ணுங்கள்: சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், அதன் மலிவுக் கட்டண நிறுவனமான ஸ்கூட் இரண்டிலும் எந்த ஊருக்கு எந்த விமானம் என்று முடிவு செய்கிற அதிகாரிகள், சரக்குப் பிரிவு அதிகாரிகள்.

ஐயா, அம்மையீர், வணக்கம்.

கடலூர் மாவட்டம் பரங்கிப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். தமிழ் உங்கள் நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று. அலுவலகத்தில் படித்துச் சொல்ல ஆள் இருப்பார்கள் என்ற தைரியத்தில் தமிழிலேயே எழுதுகிறேன். எனக்குத் தொழில் நண்டு. கிள்ளை, பிச்சாவரம், முடசலோடை பக்கம் பிடிபடும் சேற்று நண்டை வாங்கி, உயிரோடு கட்டி, பெட்டி போட்டு, விமானத்தில் சிங்கப்பூருக்கு அனுப்புகிறவர்களில் நானும் ஒருவன்.

கேட்க வந்தது ஒன்றுதான். தமிழ்நாட்டு ஊர்களுக்கு, முக்கியமாகத் திருச்சிக்கு, எந்த விமானத்தை விடலாம் என்று நீங்கள் உட்கார்ந்து கணக்குப் போடும்போது மேலே எத்தனை இருக்கை என்று மட்டும் பார்க்காமல், கீழே சரக்கறையில் எவ்வளவு மிச்சம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இதைச் சொல்ல எதற்கு இவ்வளவு நீள மடல் என்று நினைப்பீர்கள். கணக்கைக் காட்டாமல் கேட்டால் அது வெறும் மனு. மனு என்ன ஆகும் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

உங்களிடம் சரக்குக்கென்றே விமானங்கள் இருப்பது எங்களுக்கும் தெரியும். மூக்கைத் தூக்கி நீளமான சரக்கை உள்ளே வாங்கும் போயிங் 747-400 ரகம் 7. டிஎச்எல் நிறுவனத்துக்காக உங்கள் விமானிகள் ஓட்டும் 777 சரக்கு விமானம் 5. அதில் முதலாவது 2022-ல் வந்தது. பழைய 747-களுக்குப் பதிலாக ஏர்பஸ்ஸின் ஏ350எஃப் ரகத்தில் 7 வாங்க ஒப்பந்தம் போட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றும் 110 டன் அளவுக்குச் சுமக்குமாம். சந்தோஷம். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் ஒரு சங்கதி எங்கள் கண்ணில் பட்டது. அந்த 7 விமானத்துக்காக, ஏற்கெனவே ஆர்டர் கொடுத்திருந்த 15 ஏ320நியோவையும் 2 ஏ350-900-ஐயும் விட்டுக்கொடுத்து மாற்றிக்கொண்டீர்கள். திருச்சிக்கு வந்து போவது அந்த ஏ320 குடும்பம்தான். பெரிய ஊர்ச் சரக்குக்காகச் சின்ன ஊர் விமானம் கைமாறிவிட்டது என்று எங்கள் கூடத்தில் பேச்சு. அப்படி நினைத்து நீங்கள் செய்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் எங்களுக்கு அப்படித்தான் பட்டது.

சரி, 747 வந்தாலும் எங்களுக்கு ஆகாது. நூறு டன் நண்டுக்கு நான் எங்கே போவேன்? கிள்ளை உப்பங்கழியையே வடிகட்டினாலும் ஒரு நாளில் அவ்வளவு கிடைக்காது. எங்களைப் போன்றவர்களுக்குச் சரக்கு விமானம் என்பது பயணிகள் விமானத்தின் அடியறைதான். சரக்கு ஏஜென்ட்கள் அதை பெல்லி என்பார்கள். மேலே மாமியாரும் மருமகனும் படம் பார்த்துக்கொண்டு போவார்கள். காலுக்குக் கீழே எங்கள் நண்டு கண்ணை உருட்டிக்கொண்டு போகும்.

இது புதுசும் இல்லை. எங்கள் பக்கத்து ஊர்ப் பெயரைத் தாங்கிய எம்.வி. சிதம்பரம் கப்பல் சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வழியாக சிங்கப்பூர் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஆளும் சரக்கும் ஒரே கப்பலில்தான் போனார்கள். 1985-ல் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பலின் கதை முடிந்தது. பரங்கிப்பேட்டையில் வயதானவர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசுவார்கள். எங்கள் ஊரில் சிங்கப்பூர், மலேசியாவோடு உறவு இல்லாத தெருவே கிடையாது.

அடியறையின் அருமை உங்களுக்குத் தெரியாததும் இல்லை. கொரோனா காலத்தில் பயணிகளே இல்லாமல் சரக்கை மட்டும் ஏற்றிக்கொண்டு பயணிகள் விமானங்களை ஓட்டினீர்கள். ஸ்கூட்டில் இருக்கைகளைக் கழற்றிக்கூட ஓட்டினீர்கள். 2020-21, 2021-22 இரண்டு நிதியாண்டிலும் குழுமத்தின் சரக்கு வருமானம் பயணிகள் வருமானத்தைவிட அதிகம். ஆபத்துக்கு உதவிய அறை அது. ஆட்கள் திரும்பி வந்ததும் அதை மறந்துவிடக் கூடாது.

நண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விமானத்தை வாங்குகிறவர்களுக்கு அதில் ஏறுவது என்ன என்று தெரிந்தால் நல்லதுதானே.

பிச்சாவரம், கிள்ளைப் பக்கத்து இருளர் மக்கள் அலையாத்திக் காட்டு வாய்க்கால்களில் இறங்கி, நண்டைக் கையாலேயே தடவிப் பிடிப்பார்கள். வளையில் இருப்பதைக் கம்பியால் இழுப்பார்கள். சிலர் கூண்டு வைப்பார்கள். கரைக்கு வந்ததும் முதல் வேலை கட்டுவது. ஒரு காலால் ஓட்டை மெதுவாக மிதித்துக்கொண்டு, இரண்டு கொடுக்கையும் மடக்கி, நைலான் கயிற்றைக் குறுக்கே கொடுத்து ஒரே முடிச்சு. பழகாதவன் விரலைப் பறிகொடுப்பான். அப்புறம் புரட்டிப்போட்டு வயிற்றுப் பக்கத்து ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்போம். அமுங்கினால் தண்ணி நண்டு, உள்ளே சதை இல்லை, கழித்துவிடுவோம். கெட்டியாக இருந்தால் எடை போட்டு ரகம் பிரிப்போம். பெட்டி தெர்மாகோல், பக்கவாட்டில் காற்றுத் துளை போட்டிருப்போம். அடியில் நனைத்த சாக்கு, அதன் மேல் நண்டு வரிசை, மறுபடி சாக்கு. தண்ணீர் ஒழுகக் கூடாது, ஈரமும் காயக் கூடாது. மூடுவதற்கு முன்னால் கண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

ஈரமும் குளுமையும் இருந்தால் சேற்று நண்டு தண்ணீருக்கு வெளியே சில நாள் தாங்கும். தாங்காதது வெயில். செத்த நண்டுக்கு சிங்கப்பூரில் காசு இல்லை. கால்வாசி செத்தால் லாபம் போச்சு. அதற்கு மேல் செத்தால் விமானக் கட்டணத்தையும் கையிலிருந்து கட்ட வேண்டும். கடைசியில் அது யார் தலையில் விடியும்? அடுத்த வாரம் வாய்க்காலில் இறங்குகிறவருக்குக் கொடுக்கும் விலையில்தான் விடியும்.

உங்கள் ஊரில் மிளகாய் நண்டுக்கு இலங்கை நண்டு என்றால்தான் மவுசு. இருக்கட்டும். எங்கள் நண்டும் அதே சேற்று நண்டு இனம்தான். கொழும்பிலிருந்து அது ஏறுகிற விமானமும் எங்களுடையது ஏறுகிற விமானமும் ஒரே மாதிரி நடத்தினால், தட்டில் வித்தியாசம் கண்டுபிடிக்க யாராலும் முடியாது என்று பந்தயம் கட்டுவேன்.

இனி கணக்கு. ஸ்கூட்டின் ஏ320நியோவில் 186 இருக்கை. ஏ321நியோவில் 236. ஏ320-ன் அடியறை மொத்தம் 37 கன மீட்டர் சொச்சம், ஏ321-ல் 51 சொச்சம். பயணியின் பெட்டி ஒரு கன மீட்டருக்கு எட்டு என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு பெட்டி என்றால் ஏ320-ல் 14 கன மீட்டர் மிஞ்சும், ஏ321-ல் 22. காகிதத்தில் இது நன்றாக இருக்கிறது. ஆனால் திருச்சிப் பயணி ஒரு பெட்டியோடு வருகிறவரா? போகும்போது முறுக்கு, ஊறுகாய், அப்பளம், கல்யாணப் பட்டு. வரும்போது மைலோ, கோடாலித் தைலம், சாக்லேட். ஆளுக்கு ஒன்றரைப் பெட்டி என்று போட்டுப் பாருங்கள். ஏ320-ல் மிச்சம் இரண்டரை கன மீட்டர். ஏ321-ல் ஏழு. ஆளுக்கு இரண்டு என்றால் இரண்டு விமானத்திலும் பெட்டிக்கே இடம் போதாது, நண்டு எங்கே ஏறும்?

எங்கள் பெட்டி ஒரு கன மீட்டருக்குப் பத்து அடங்கும். கூட்டமான நாளில் ஏ320-ல் 25 பெட்டி ஏறினால் ஏ321-ல் 70 பெட்டி ஏறும். இருக்கையில் ஐம்பது பேர்தான் வித்தியாசம். எங்களுக்கு அது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. எடைக் கணக்கு தனியாக இடிக்கும், அதை உங்கள் லோட் ஷீட் (விமானத்தின் எடைக் கணக்குத் தாள்) போடுகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் அவர்கள் பார்ப்பது விமானம் கிளம்பும் நாளில். எந்த விமானம் என்பதை நீங்கள் பல மாதம் முன்னாலேயே முடிவு செய்துவிடுகிறீர்கள்.

ஸ்கூட்டின் 787-8-ல் இதே கணக்கைப் போட்டால் தலை சுற்றும். 330 பேர் அளவில் இருக்கை, அடியறை சுமார் 137 கன மீட்டர். ஆளுக்கு ஒன்றரைப் பெட்டி போனாலும் 75 கன மீட்டர் மிச்சம். ட்ரீம்லைனரைத் தினமும் திருச்சிக்கு அனுப்புங்கள் என்று கேட்க ஆசைதான். கேட்க மாட்டேன். 330 பேரை நிரப்ப முடியாத விமானத்தை நண்டுக்காக ஓட்டச் சொல்வது நியாயம் இல்லை.

சென்னைக்கு அகன்ற விமானங்கள் வருகின்றன, அங்கே அனுப்ப வேண்டியதுதானே என்று கேட்கலாம். அனுப்புகிறோம். ஏ350-900 அடியறையில் எல்.டி.3 எனும் அலுமினியப் பெட்டகம் 36 வைக்கலாம், 787-10-ல் 40. இடத்துக்குப் பஞ்சம் இல்லை. பஞ்சம் நேரத்துக்கு. பரங்கிப்பேட்டையிலிருந்து கடலூர், புதுச்சேரி, திண்டிவனம் தாண்டி வேன் பெருங்களத்தூரில் போய் நிற்கும். நிற்கும் என்றால் நிற்கும்தான். தாம்பரம் தாண்டி மீனம்பாக்கம் சரக்குக் கூடத்தில், சரக்கு வாங்குவதை நிறுத்தும் கட்-ஆஃப் நேரத்துக்குள் சேர வேண்டும். திருச்சி அப்படி இல்லை. சிதம்பரம், காட்டுமன்னார்கோவில், கங்கைகொண்டசோழபுரம் வழியாக நாற்கரச் சாலை. தூரமும் குறைவு. 2024-ல் புது முனையமும் திறந்தாகிவிட்டது. எங்களுக்கு ஆகக் கிட்டத்தில் இருப்பது புதுச்சேரி லாஸ்பேட்டை. அங்கே ஓடுபாதை 1,500 மீட்டர்தான், ஏடிஆர் மாதிரி சின்ன விமானம் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் போவதற்கு மேல் தாங்காது. ஆகத் திருச்சிதான்.

திருச்சியில் இடத்தைப் போலவே இன்னொரு தொல்லை, பெட்டிகளை ஏற்றும் விதம். அகன்ற விமானத்தில் எங்கள் பெட்டிகளைக் கூடத்துக்குள்ளேயே பெட்டகத்தில் அடுக்கி மூடிவிடுவார்கள். பெட்டகம் அப்படியே உருண்டு உள்ளே போகும். ஒற்றை நடைவழி விமானத்தில் பெட்டகம் இல்லாமல் தளர்வாக ஏற்றினால் திறந்த டிராலியில் பெட்டிகள் விமானத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். முதலில் பயணிகள் பெட்டி, கடைசியில் சரக்கு. ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி, உள்ளே ஒருவர் முட்டி போட்டு அடுக்குவார். மே மாதம் திருச்சி சிமென்ட் தரையில் அரை மணி நேரம் நின்று பாருங்கள், நண்டின் கஷ்டம் புரியும். முன்பு ஒரு முறை ஒரு விமான நிறுவனத்தில் (பெயர் எதற்கு) எங்கள் பெட்டிகளை டிராலியில் வெயிலில் வைத்திருந்துவிட்டு, கடைசி நிமிடத்தில் இடம் இல்லை என்று ஆஃப்லோட் செய்து கூடத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கண்ணாகத் தொட்டுப் பார்த்தோம். பாதிக்கு மேல் அசையவில்லை.

ஏ320 குடும்பத்துக்குக் குள்ளமான ஒரு பெட்டகம் இருக்கிறது, எல்.டி.3-45 என்பார்கள். ஏ320-ல் 7, ஏ321-ல் 10 ஏறும். ஏர்பஸ் அந்த வசதியை விரும்புகிறவர்களுக்குத் தருகிறது. 737-ல் அதற்கு வழியே இல்லை. நீங்கள் 25.1 சதவீதப் பங்கு வைத்திருக்கும் ஏர் இந்தியாவின் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு ஓட்டுவது 737. ஆகவே பெட்டகம் என்று பேசினால் உங்கள் ஏ320 குடும்பத்தை நோக்கித்தான் பேச முடியும். அதேபோல எந்தச் சரக்கறைக்குக் காற்றோட்டம், எதற்கு வெப்பக் கட்டுப்பாடு என்பதும் இந்த ரக விமானங்களில் வாங்கும்போதே தேர்ந்தெடுக்கிற விஷயம். உயிருள்ள சரக்கை எந்த அறையில் வைத்திருக்கிறார்கள் என்று விமானிக்குத் தாளில் எழுதிக் கொடுப்பார்கள். அந்தத் தாளில் எழுத ஓர் அறை வேண்டுமே! அடுத்த தொகுதி ஏ320, ஏ321 வாங்கும்போது, குத்தகைக்கு எடுக்கும்போதும், சரக்குப் பிரிவு ஆள் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மாற்றுவது வீண் செலவு.

எம்ப்ரேயர் இ190-இ2 ரகத்தில் 9 ஆர்டர் கொடுத்து, 2024 முதல் ஸ்கூட்டில் ஓட்டுகிறீர்கள். 112 இருக்கை. கிராபி, ஹாட்யாய் போன்ற சிறு ஊர்களுக்கு அருமையான விமானம் என்கிறார்கள், இருக்கட்டும். தமிழ்நாட்டு ஊர்களுக்கு மட்டும் அதை யோசிக்காதீர்கள். பெட்டகம் ஏறாது. திருச்சிக் குடும்பங்களின் பெட்டி ஏறுவதற்கே அடியறை திணறிப்போகும். ஒரு நாளைக்கு இரண்டு முறை சின்ன விமானம் விடுவது பயணிக்கு வசதியாகத் தெரியலாம். சரக்குக்கு ஒரு ஏ321, இரண்டு இ2-வைவிட மேல்.

இதையெல்லாம் செய்தால் உங்களுக்கு என்ன லாபம் என்றும் சொல்லிவிடுகிறேன். சாங்கியில் 2010-லிருந்து சாட்ஸ் கூல்போர்ட் இருக்கிறது. கெடும் சரக்குக்கென்றே கட்டிய இடம். கெடும் சரக்குக்கு த்ருஃப்ரெஷ் என்று தனிச் சேவையும் வைத்திருக்கிறீர்கள். அந்தப் பக்கம் எல்லாம் தயார். குளிர்ச்சி அறுந்துபோவது இந்தப் பக்கம், திருச்சித் தரையில், விமானக் கதவுக்கு வெளியே பத்து மீட்டரில். அதைச் சரி செய்தால் நண்டு மட்டும் வராது. திருச்சியைச் சுற்றியிருக்கிற காய்கறிக்காரர், பூக்காரர் எல்லாரும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள். நிலையான இடம் கிடைத்தால் நிலையான கட்டணம் கட்ட எங்களுக்குத் தயக்கம் இல்லை. இன்றைக்கு இடம் உண்டு, நாளைக்கு இல்லை என்பதால்தான் ஆளாளுக்குப் பேரம் பேசுகிறோம்.

சுகாதாரச் சான்று, சுங்கம், பெட்டித் தரம் எல்லாம் எங்கள் பொறுப்பு. அதில் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டோம். ஒழுகும் பெட்டியை யாராவது கொண்டுவந்தால் ஏற்றாதீர்கள், அது எங்கள் ஆள் கொண்டுவந்ததாகவே இருந்தாலும் சரி. உப்புத் தண்ணீர் விமானத்தின் உலோகத்தை என்ன செய்யும் என்று எங்களுக்கும் தெரியும்.

இந்த ஆண்டுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். சீனப் புத்தாண்டு ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் நடுவில் வரும். உயிர் நண்டுக்கு உங்கள் ஊரில் விலை ஏறுவது அதற்கு முந்தைய வாரங்களில். சரியாக அதே சமயம் பொங்கலுக்கு வந்த குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு திரும்பிப் போவார்கள். நண்டுக்கு நல்ல விலை கிடைக்கிற வாரத்தில்தான் அடியறையில் இடம் இல்லாமல் போகிறது. பொங்கல் முடிந்த நாளிலிருந்து புத்தாண்டு வரைக்குமாவது திருச்சிக்கு ஏ320-க்குப் பதில் ஏ321 விடுங்கள். அந்த நாட்களில் கெடும் சரக்குக்கு ஒவ்வொரு விமானத்திலும் நாலு கன மீட்டர் ஒதுக்கி, பயணிகள் பெட்டி எவ்வளவு வந்தாலும் அதில் கை வைக்காமல் பாருங்கள். நாலு கன மீட்டர் என்றால் எங்கள் கணக்கில் 40 பெட்டி. அதற்கு முன்பணம் கட்டச் சொன்னால் கட்டுகிறோம், ஏறாத நாளுக்கும் சேர்த்து.

குளிர்கால விமான நேரப் பட்டியல் அக்டோபர் கடைசி ஞாயிறு தொடங்கிவிடும். நண்டு பிடிக்கிறவர்களுக்கு நாங்கள் முன்பணம் கொடுப்பது நவம்பரில். முடியும், முடியாது எதுவானாலும் உங்கள் திருச்சி அலுவலகம் வழியாக அதற்குள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்று நாங்கள் முடிவு செய்துகொள்வோம்.

இப்படிக்கு,
பரங்கிப்பேட்டை நண்டு ஏற்றுமதிக்காரர்களில் ஒருவன்
கடலூர் மாவட்டம்